பெட்டியை விட்டு வெளியே போகும் பூனை: எந்த வழி எந்தப் பூனைக்கு?

பூனை சிறுநீர் போன இடம் நேற்று சோஃபா, முந்தாநாள் துவைக்கப் போட்ட துணிக் குவியல், இன்று படுக்கை விரிப்பு. நாலு எட்டு வைத்தால் லிட்டர் பாக்ஸ், அதாவது பூனை மலஜலம் கழிக்க மணல் போட்டு வைக்கும் பெட்டி, அதில் மணல் கலையாமல் அப்படியே கிடக்கிறது. இந்த நிலைக்கு வந்தவர்களுக்கு யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. மணலை மாற்று, பெட்டியை மாற்று, பூனையை அமைதிப்படுத்தும் வாசனை டிஃப்யூசர் மாட்டு, குளியலறையில் அடைத்து வை, மாத்திரை கொடு, வெளியே விட்டுவிடு என்பார்கள். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு வீட்டில் நிஜமாகவே பலித்த வழிதான். ஆனால் ஒரு பூனைக்குப் பலித்தது இன்னொன்றுக்குக் கேடாக முடியும். சிறுநீர்ப்பை புண்ணாகித் தவிக்கும் பூனையை ஓர் அறையில் அடைத்தால் பதற்றம் கூடி நோயும் கூடும். சில வாரம் அறையில் வைத்திருந்தாலே பழக்கம் திரும்பியிருக்கும் பூனைக்கு மாதக்கணக்கில் டிஃப்யூசர் மாட்டிக் காத்திருந்தால் மெத்தைதான் பாழாகும்.

ஆகவே வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்: பூனை எப்படிப் போகிறது, எங்கே போகிறது, எவ்வளவு போகிறது. முக்கால்வாசி விடை இதிலேயே கிடைத்துவிடும்.

ஒப்பிட நேரமில்லாத ஒரு நிலை

கடுவன் பூனை பெட்டிக்குள் ஏறுகிறது. முதுகை வளைத்துக் குந்துகிறது. அரை நிமிடம் ஆகிறது, ஒரு நிமிடம் ஆகிறது. எழுந்து இரண்டு அடி நகர்ந்து, திரும்பி வந்து மறுபடியும் குந்துகிறது. முக்கல் சத்தம் கேட்கிறது. எட்டிப் பார்த்தால் மணல் காய்ந்தே கிடக்கிறது, அல்லது இளஞ்சிவப்பாக ஒரே ஒரு சொட்டு. பிறகு குளியலறைத் தரையிலோ படுக்கையிலோ போய் அதையே செய்கிறது. கடைசியில் ஒரு மூலையில் ஒடுங்கி உட்கார்ந்து குறியை விடாமல் நக்குகிறது.

பலர் இதை மலச்சிக்கல் என்று நினைத்துக்கொண்டு ஒரு நாளைத் தள்ளிவிடுகிறார்கள். இது பெரும்பாலும் சிறுநீர்க் குழாய் அடைப்பு. கடுவனின் சிறுநீர்க் குழாய் நுனியில் மிகவும் குறுகலானது. சளி போன்ற கசடும் படிகத் துகளும் சேர்ந்தால் அடைத்துக்கொள்ளும். வெளியேற முடியாத பொட்டாசியம் இரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பையே நிறுத்திவிடும். ஓரிரு நாளில் உயிர் போகலாம். வாந்தி, சோர்வு, வயிற்றைத் தொட்டால் கத்துவது என்று சேர்ந்துவிட்டால் இன்னும் மோசம். ராத்திரியானாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். வலிக்கிறதே என்று மனிதர்களுக்கான பாராசிட்டமால் மாத்திரையை ஒருபோதும் கொடுக்காதீர்கள். அதைச் செரித்து வெளியேற்றும் வழி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

மணல் நனைகிறது, சிறுநீர் வருகிறது என்றால் கீழே உள்ளவற்றை நிதானமாகப் படிக்கலாம்.

குந்திப் போகிறதா, நின்று பீய்ச்சுகிறதா

இரண்டும் வேறு வேறு பிரச்சினைகள். ஒன்றின் தீர்வு மற்றதற்கு உதவாது.

பீய்ச்சும் பூனை நின்றுகொண்டே போகும். சுவருக்கோ கதவுக்கோ திரைச்சீலைக்கோ பின்புறத்தைக் காட்டி, வாலை நேராகத் தூக்கி, வால் நுனியை நடுங்கவிட்டு, பின்னங்கால்களை மாற்றி மாற்றி மிதித்தபடி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் கொஞ்சமாகத் தெளிக்கும். மூடாது, மண்ணைப் பறிக்காது. அது தன் எல்லையைச் சொல்கிறது. அடக்க முடியாமல் போவதாக இதை எண்ண வேண்டாம், பெட்டியைக் குறை சொல்வதாகவும் எண்ண வேண்டாம். இந்தப் பூனை பெட்டியையும் ஒழுங்காகப் பயன்படுத்திக்கொண்டுதான் இருக்கும். இடமும் சொல்லிக் கொடுத்துவிடும்: வாசல் கதவு, வெளிப் பூனைகள் தெரியும் ஜன்னல், புதிதாக வந்த பை, பெட்டி, நாற்காலி.

குந்திப் போகும் பூனை கிடைமட்டமான இடத்தில் முழு அளவு போகும். படுக்கை, மிதியடி, பூந்தொட்டி, சிங்க், தரை மூலை. இதற்குப் பெட்டி பிடிக்கவில்லை, அல்லது பெட்டிக்குப் போக முடியவில்லை, அல்லது உடம்புக்கு ஏதோ. பழைய போனை அறையில் வைத்துப் படம் பிடித்தாலே எது என்று தெரிந்துவிடும். சுவரில் கோடாக வழிந்திருந்தால் பீய்ச்சல். தரையில் வட்டமாகத் தேங்கியிருந்தால் குந்தல்.

மலம் மட்டும் வெளியே, சிறுநீர் பெட்டிக்குள் என்றால் அது தனிக் கணக்கு. மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு, பெட்டி சிறியதாக இருப்பது, ஏற்கெனவே நனைந்த பெட்டிக்குள் மறுபடியும் இறங்க மனமில்லாதது ஆகியவையே வழக்கமான காரணங்கள். முக்கும்போது வலித்த பூனை, வலிக்குப் பெட்டிதான் காரணம் என்று முடிவு கட்டிவிடும்.

முதலில் மருத்துவரா, முதலில் பெட்டியா

இதில் எங்கள் கருத்து தெளிவானது. ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த வளர்ந்த பூனை திடீரென்று மாறினால், முதல் வேலை சிறுநீர்ப் பரிசோதனை. புது மணல் வாங்கிய மறுநாள் தொடங்கியது, பெட்டியை இடம் மாற்றிய வாரம் தொடங்கியது, சின்னக் குட்டியிலிருந்தே இப்படித்தான் என்றால் பெட்டியிலிருந்து தொடங்கலாம். பூனைக்கு 10 வயது தாண்டியிருந்தால் கேள்வியே இல்லை, மருத்துவர்தான். அந்த வயதில் சிறுநீரக நோய், நீரிழிவு, தைராய்டு மிகைச் சுரப்பு மூன்றும் சகஜம். மூன்றிலும் தண்ணீர் நிறையக் குடித்து நிறையப் போகும். பெட்டி சீக்கிரம் நிறைந்துவிடுவதால் பூனை வேறிடம் தேடும்.

சிறுநீர் பட்டதும் கட்டியாகும் வகை மணல் போட்டிருந்தால் உங்கள் வீட்டிலேயே ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. ஒரு நாளில் எத்தனை கட்டி, எந்த அளவு என்று எண்ணுங்கள். ஆரோக்கியமான பூனைக்கு நாளொன்றுக்கு 2 முதல் 4 கட்டி, ஏறக்குறைய எலுமிச்சை அளவில். கட்டிகள் திடீரென்று பெரிதாகி எண்ணிக்கையும் கூடினால் சிறுநீரகம், சர்க்கரை பக்கம் பாருங்கள். நெல்லிக்காய் அளவில் எட்டு, பத்து என்று சிதறிக் கிடந்தால் சிறுநீர்ப்பை எரிச்சல். இந்த எண்ணிக்கையோடு போனால் மருத்துவருக்குப் பாதி வேலை குறையும்.

வீட்டிலேயே மாதிரி எடுக்க வேண்டுமென்றால், பெட்டியை நன்றாகக் கழுவி உலர்த்தி, மணலுக்குப் பதில் கழுவிய மீன்தொட்டிக் கூழாங்கல்லைப் போடுங்கள். அது உறிஞ்சாது. பூனை போனதும் பெட்டியைச் சாய்த்து, ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி மூடிய குப்பியில் அடைத்து, ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். தாமதமானால் குளிர்பெட்டியில் வையுங்கள், ஆனால் குளிரில் புதிதாகப் படிகம் உருவாகும் என்பதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கிருமி வளர்த்துப் பார்க்கும் பரிசோதனைக்கு இந்த மாதிரி உதவாது. அதற்கு மருத்துவர் வயிற்றின் வழியாக ஊசி போட்டு நேரே சிறுநீர்ப்பையிலிருந்து எடுப்பார்.

இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும். இளம் பூனைக்கும் நடுத்தர வயதுப் பூனைக்கும் இரத்தம் கலந்த சிறுநீர் வந்தால் உடனே ஆன்டிபயாடிக் கொடுக்கப்படுகிறது. ஐந்தாறு நாளில் சரியாகிறது. மருந்து கேட்டது என்று எல்லோரும் நிம்மதியாகிறார்கள். அடுத்த மாதம் மறுபடியும் வருகிறது. உண்மையில் இந்த வயதில் கிருமித் தொற்று அரிது. பெரும்பாலும் அது பதற்றத்தோடு சேர்ந்து வரும், கிருமியில்லாத சிறுநீர்ப்பை அழற்சி. மருந்தே இல்லாவிட்டாலும் ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும். காரணம் நீங்காததால் திரும்ப வரும். அதற்குத் தேவை வலி தணிக்கும் மருந்து, உடம்பில் கூடுதல் நீர், வீட்டில் அமைதி. உலர் தீனியை ஈர உணவுக்கு மாற்றுவது, தண்ணீர்க் கிண்ணத்தைச் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளி இரண்டு மூன்று இடத்தில் வைப்பது, உயரமாக ஏறி உட்கார இடம், ஒளிய இடம், நேரம் தவறாத சாப்பாடும் விளையாட்டும் ஆகியவை மெதுவாக வேலை செய்யும், ஆனால் நிலைத்து நிற்கும். ஆன்டிபயாடிக் எழுதப்பட்டால், கிருமி வளர்த்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

பெட்டியைச் சரிசெய்வது

உடம்பில் கோளாறு இல்லை என்றால், எல்லா வழிகளிலும் அதிகம் பலிப்பது இதுதான். செலவு குறைவு, கெடுதல் இல்லை, ஒன்றிரண்டு வாரத்தில் பலனும் தெரிந்துவிடும். ஆனாலும் இதையே அரைகுறையாகச் செய்துவிட்டு, "அதெல்லாம் பார்த்தாச்சு" என்று அடுத்ததற்குத் தாவுகிறவர்களே அதிகம். அதனால் இதில் கொஞ்சம் நின்று பேசலாம்.

பூனைக்குப் பெட்டி பிடிக்கவில்லை என்பதை அது வெளியே போவதற்கு முன்பே சொல்லிவிடுகிறது. பெட்டியின் விளிம்பில் முன்னங்கால் இரண்டையும் ஊன்றிக்கொண்டு, உடம்பை மட்டும் உள்ளே நீட்டிப் போகும். மணலில் கால் பட்டதும் பாதத்தை உதறும். மணலைப் பறிக்காமல் பெட்டியின் சுவரையும் பக்கத்துத் தரையையும் பறிக்கும். போனதும் மூடாமல் ஒரே தாவலில் ஓடும். நல்ல பெட்டியில் பூனை நிதானமாக மோப்பம் பிடித்து, குழி பறித்து, திரும்பி, போய், மறுபடி மோந்து, மூடிவிட்டு நடந்து வரும்.

அளவு: மூக்கிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை பூனையை அளந்து, அதைப்போல் ஒன்றரை மடங்கு நீளம் இருக்க வேண்டும். 45 சென்டிமீட்டர் பூனைக்கு ஏறக்குறைய 70 சென்டிமீட்டர். பெட்டி என்று விற்பவற்றில் பல இதற்கு வெகு தூரத்தில் இருக்கின்றன. துணி அடுக்கி வைக்கும் பெரிய பிளாஸ்டிக் டப்பா இதைவிட மேல். மூடியை எடுத்துவிட்டு, ஒரு பக்கச் சுவரில் வாசல் வெட்டுங்கள். தரையிலிருந்து 10 முதல் 12 சென்டிமீட்டர் விட்டால் போதும். வயதான பூனைக்கு 7. வெட்டிய விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து டேப் ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வயிற்றைக் கீறும். மற்ற மூன்று சுவரும் 30 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருந்தால், குந்தத் தொடங்கி நடுவில் எழுந்து நிற்கும் பூனையின் சிறுநீரும் வெளியே போகாது. அந்தப் பூனைகள் பெட்டியைத் தவிர்ப்பதாகப் பழி சுமக்கின்றன. உண்மையில் உள்ளே இருந்துகொண்டே சுவருக்கு மேலே போகின்றன.

மூடியிட்ட பெட்டியா, திறந்ததா? பெரும்பாலான பூனைகளுக்கு இரண்டும் ஒன்றுதான், சிலவற்றுக்கு மட்டும் திட்டவட்டமான விருப்பம் உண்டு. நாங்கள் திறந்ததிலேயே தொடங்கச் சொல்வோம். மூடிக்குள் நாற்றம் தங்கும், நம் கண்ணில் படாததால் சுத்தம் செய்வது தள்ளிப்போகும், இரண்டு பூனை உள்ள வீட்டில் ஒன்று வாசலில் மறித்துக்கொண்டால் உள்ளே இருப்பதற்குத் தப்ப வழியில்லை.

எண்ணிக்கைக்குப் பழைய விதி, பூனைகளை விட ஒரு பெட்டி அதிகம். ஒரு பூனைக்கு இரண்டு, இரண்டுக்கு மூன்று. இரண்டு பெட்டியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பூனையின் கணக்கில் அது ஒன்றே. வெவ்வேறு அறையில், மாடி இருந்தால் தளத்துக்கு ஒன்றாக வையுங்கள். துவைக்கும் இயந்திரத்துக்குப் பக்கம், சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கம், திரும்பிவர ஒரே வழியுள்ள சந்து ஆகிய இடங்கள் வேண்டாம். நடுவில் ஒருமுறை இயந்திரம் சுழன்று அதிர்ந்தது என்றால், அந்தப் பெட்டியைப் பூனை மாதக்கணக்கில் மறக்காது.

மணல் விஷயத்தில் மனிதரின் மூக்கும் பூனையின் மூக்கும் ஒத்துப்போவதில்லை. நமக்கு இதமான வாசனை சேர்த்த மணல் பல பூனைகளை விரட்டிவிடும். வாசனையில்லாத, பொடிமணல் போன்ற, கட்டியாகும் வகையைத்தான் பெரும்பாலான பூனைகள் விரும்புகின்றன. மரத்தூளை அழுத்திச் செய்த குச்சித் துண்டுகள் தூசி கிளப்பாது, நாற்றத்தை அடக்கும். ஆனால் பாதத்தில் உருளும், மூட்டு வலியுள்ள பூனைக்குக் கடினம். சிலிக்கா படிகம் நீண்ட நாள் தாங்கும், பாதத்தில் குத்தும். காகிதத் துகள் மென்மையானது. அறுவை சிகிச்சை முடிந்த பூனைக்கு நல்லது, ஆனால் நாற்றத்தை அடக்காது. நாலு மாதத்துக்கு உட்பட்ட குட்டி மணலைத் தின்று பார்க்கும், அதனால் அதற்குக் கட்டியாகும் மணல் வேண்டாம்.

எது பிடிக்கும் என்பதைப் பூனையிடமே கேட்டுவிடலாம். ஒரே அளவுள்ள இரண்டு மூன்று பெட்டியைப் பக்கத்தில் வைத்து, மணலை மட்டும் வெவ்வேறாகப் போட்டு, இரண்டு வாரம் கட்டிகளை எண்ணுங்கள். இரண்டு நாளுக்கொரு முறை பெட்டிகளின் இடத்தை மாற்றுங்கள், இல்லாவிட்டால் மணலைத் தேர்ந்ததா மூலையைத் தேர்ந்ததா என்று தெரியாது. இந்தச் சோதனையில் வேறு எதையும் மாற்றக் கூடாது. பெட்டி, மணல், இடம் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், பலித்தாலும் எது பலித்தது என்று தெரியாது; பலிக்காவிட்டால் எது கெடுத்தது என்றும் தெரியாது.

வெளியே எங்கே போகிறது என்பதும் துப்புதான். படுக்கை, துண்டு, துணி என்று மென்மையைத் தேடினால், பெட்டிக்குள் ஒரு பழைய துண்டை விரித்து அதன் மேல் ஒரு கை மணல் தூவித் தொடங்கி, நாலைந்து நாளுக்கொரு முறை மணலைக் கூட்டித் துண்டைச் சிறிதாக்கிக்கொண்டே போகலாம். சிங்க், குளியல் தொட்டி, வழவழப்பான தரை என்றால் ஒரு பெட்டியைக் கிட்டத்தட்டக் காலியாக, ஓரத்தில் மட்டும் மணலோடு வைத்துப் பாருங்கள். பூந்தொட்டி என்றால் மணலில் மூன்றில் ஒரு பங்கு தோட்டமண் கலக்கலாம். தொட்டி மண்ணின் மேல் பெரிய கூழாங்கற்களை அடுக்கிவிடுங்கள்.

மணலின் ஆழம் 5 சென்டிமீட்டர் போதும், தள்ளாடும் கிழப் பூனைக்கு 3. தினமும் குறைந்தது ஒருமுறை, முடிந்தால் இருமுறை கரண்டியால் அள்ளுங்கள். கட்டியாகும் மணலை இரண்டு முதல் நாலு வாரத்தில் முழுதாகக் கொட்டிவிட்டு, வாசனையில்லாத சோப்பும் வெந்நீரும் விட்டுக் கழுவுங்கள். கட்டியாகாத மணலுக்கு ஒரு வாரம் என்பதே அதிகம். தண்ணீரில் விட்டால் பால் போல வெளுக்கும் கிருமிநாசினிகளைப் பெட்டிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அவற்றிலுள்ள ஃபீனால் வகைப் பொருட்கள் பூனைக்கு நஞ்சு, பாதத்தை நக்கும்போது உள்ளே போய்விடும். வருடத்துக்கு ஒருமுறை பெட்டியையே மாற்றுவது நல்லது, நகம் கீறிய தடங்களில் நாற்றம் தங்கிவிடும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அள்ளும் வேலை வேறொருவருடையது. பூனை மலத்தில் கருவைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இருந்தால் அது தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும் என்பதால், தினமும் அள்ளுவது அங்கேயும் பாதுகாப்பு.

கறையை எதால் போக்குவது

பூனைச் சிறுநீரின் நாற்றம் நேரம் ஆக ஆக ஏறுவதற்கு ஒரு காரணம் ஃபெலினின் என்ற அமினோ அமிலம். காற்றிலும் நுண்ணுயிரிலும் அது சிதையும்போதுதான் கந்தக வாடை வருகிறது. கருத்தடை செய்யாத கடுவனிடம் இது அதிகம். நமக்கு வாடை போய்விட்டது என்று தோன்றும் இடத்திலும் பூனைக்கு "இதுதான் இடம்" என்று எழுதி வைத்ததுபோல இருக்கும்.

வினிகர் அம்மோனியா வாடையைக் குறைக்கும், மூலத்தைச் சிதைக்காது. பிளீச் ஆபத்து: சிறுநீரிலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்து மூச்சை அடைக்கும் குளோரமின் வாயு வரும். அம்மோனியா சேர்ந்த தரைத் திரவம் பூனைக்குச் சிறுநீர் போலவே மணக்கும். என்சைம் கிளீனரே சரியான தேர்வு, ஆனால் அதையும் பலர் தவறாகப் பயன்படுத்திவிட்டு ஏமாற்றம் என்கிறார்கள். மேலே தெளித்துத் துடைத்தால் என்சைம் வேலை செய்ய நேரமே இல்லை. சிறுநீர் எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு ஆழம் திரவமும் இறங்க வேண்டும். மெத்தைக்குள் கறை மேலே தெரிவதைவிட இரண்டு மடங்கு அகலமாகப் பரவியிருக்கும். அதற்கும் சேர்த்து ஊற்றி, மேலே பிளாஸ்டிக் தாளை மூடி ஓர் இரவு ஈரமாகவே வைத்துவிட்டு, பிறகு காற்றில் உலரவிடுங்கள். அதற்கு முன் சோப்போ கிருமிநாசினியோ போட்டிருந்தால் வெறும் தண்ணீரால் நன்றாக அலசி எடுக்காமல் என்சைமை ஊற்றாதீர்கள், அது செயலிழந்துவிடும். என்சைம் கிளீனர் கிடைக்காதவர்கள் என்சைம் உள்ள துணிசோப்புத்தூளை ஒன்றுக்கு ஒன்பது பங்கு வெதுவெதுப்பான நீரில் கரைத்துத் தேய்த்து, தண்ணீரால் அலசி உலர்த்தலாம்.

பழைய இடங்களைக் கண்டுபிடிக்க, ராத்திரி விளக்கெல்லாம் அணைத்துவிட்டு யூவி (புற ஊதா) டார்ச் அடித்துப் பாருங்கள். சிறுநீர் பட்ட இடம் மங்கலான மஞ்சள் பச்சையில் தெரியும். கதவின் கீழ் விளிம்பு, சோஃபாவின் பின்புறம், சுவரும் தரையும் சேரும் கோடு ஆகியவற்றை விடாதீர்கள்.

அறையில் அடைத்துப் பழக்குவது

பெட்டியைச் சரிசெய்த பிறகும் மிதியடிப் பழக்கம் ஊறிப்போய்விட்ட பூனைக்கு இது நல்ல வழி. பெரிய வீட்டுக்குப் புதிதாக வந்து பெட்டியைத் தேடத் தெரியாத குட்டிக்கும் ஏற்றது. மிதியடி, மெத்தை இல்லாத சிறிய அறை. ஒரு பக்கம் பெட்டி, எதிர்ப் பக்கம் படுக்கை, சாப்பாடு, தண்ணீர். தினமும் இரண்டு மூன்று தடவை போய் அரை மணி நேரம் கூட இருந்து விளையாட வேண்டும். தொடர்ந்து இரண்டு வாரம் பெட்டிக்குள்ளேயே போனால் ஓர் அறையைத் திறந்துவிடுங்கள், அதுவும் உங்கள் கண் முன்னால். ஒவ்வொரு அறைக்கும் ஒரு வாரம். பழைய இடத்தில் போனால் ஒரு படி பின்வாங்குங்கள்.

பீய்ச்சும் பூனைக்கும், சிறுநீர்ப்பை அழற்சி உள்ள பூனைக்கும், அடைத்தால் கத்திக் கதவைக் கீறும் பூனைக்கும் இது வேண்டாம். தண்டனையாக அடைப்பதும் இதுவல்ல. மூக்கைப் பிடித்துக் கறையில் தேய்ப்பது, கத்துவது, தண்ணீர் தெளிப்பது ஆகியவற்றில் பூனை கற்றுக்கொள்வது ஒன்றே: நீங்கள் பார்க்கும்போது போகக் கூடாது. அதன் பிறகு கட்டிலுக்கு அடியில் போகும், கண்டுபிடிக்கவும் முடியாது.

டிஃப்யூசர், மருந்து, கருத்தடை

பீய்ச்சும் பூனைக்குக் கருத்தடை ஆகாவிட்டால் வேறு எதையும் ஒப்பிட வேண்டியதில்லை. கடுவன்களில் பத்தில் ஒன்பது கருத்தடைக்குப் பிறகு நிறுத்திவிடும். கருத்தடை ஆன பிறகும் ஏறக்குறைய 10 சதவீதக் கடுவன்களும் 5 சதவீதப் பெண் பூனைகளும் பீய்ச்சும். அவற்றுக்கு முதலில் ஜன்னலின் கீழ்ப்பாதியை மறைத்து வெளிப் பூனைகள் தெரியாமல் செய்யுங்கள்.

பூனை முகத்தைத் தேய்த்து விடும் வாசனையைப் போலச் செய்த டிஃப்யூசர்கள் பீய்ச்சலுக்குக் கொஞ்சம் உதவும், பெட்டிக்கு வெளியே குந்துவதற்கு அவ்வளவாக உதவாது. ஆய்வு முடிவுகளும் ஒன்றுபோல இல்லை. ஒரு குப்பி 50 முதல் 70 சதுர மீட்டருக்கு, 30 நாள் வரும். சோஃபாவுக்குப் பின்னால் மாட்டினால் வீண். தீங்கில்லாத துணை வழி என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ளூஆக்ஸெடின், க்ளோமிப்ரமின் போன்ற பதற்றம் தணிக்கும் மருந்துகள் பீய்ச்சலில் உண்மையாகவே பலன் தருகின்றன. ஆனால் முழுப் பலனுக்கு 4 முதல் 6 வாரம் ஆகும், பசி குறையலாம், திடீரென்று நிறுத்தக் கூடாது, அளவை மருத்துவர்தான் எடை பார்த்து முடிவு செய்ய வேண்டும். பத்து நாளில் கேட்கவில்லை என்று நிறுத்திவிடுவதுதான் இதில் வழக்கமாக நடக்கும் தவறு. நாறும் பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு மாத்திரை கொடுப்பதை நாங்கள் ஏற்க மாட்டோம்.

பல பூனை உள்ள வீட்டில்

செய்தது யார் என்று தெரியாமல் எந்த வழியும் எடுபடாது. மலம் என்றால் நஞ்சில்லாத மெழுகுக் கிரேயானை நிறத்துக்கொன்றாகத் துருவி, ஒவ்வொரு பூனையின் ஈர உணவிலும் ஒரு நிறம் கலந்துவிட்டால் மறுநாள் தெரிந்துவிடும். சிறுநீர் என்றால் கேமரா, அல்லது மருத்துவர் தரும், யூவி ஒளியில் மின்னும் ஃப்ளூரசீன் சாயம். பெரும்பாலும் பழி ஒரு பூனை மேல் இருக்கும், காரணம் இன்னொன்றாக இருக்கும்: வழியில் படுத்துக்கொண்டு வெறித்துப் பார்க்கும் பூனை. சண்டை போட வேண்டியதுகூட இல்லை. பெட்டிகளை வெவ்வேறு பக்கம் பிரித்து வைப்பது, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வழி விடுவது ஆகியவை இங்கே மருந்தைவிடப் பெரிது.

வெளியே விட்டுவிடுவது, யாரிடமாவது கொடுத்துவிடுவது இரண்டும் பிரச்சினையை இடம் மாற்றுகின்றன. வெளியே விட்ட பூனைக்கு அடைப்பு வந்தால் அது சொட்டுச் சொட்டாக முக்குவதைப் பார்க்க ஆளிருக்காது. வேறு வீட்டுக்குக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், வேறு பூனை இல்லாத வீடாகப் பார்த்து, எங்கே எப்படிப் போனது, என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்பதை மறைக்காமல் எழுதிக் கொடுங்கள்.

அந்தக் குறிப்பு உங்களுக்கும் வேண்டும். ஒரு சாதாரண நோட்டில் தேதி, நேரம், இடம், குந்தியதா பீய்ச்சியதா, கட்டி எத்தனை, அன்று எதை மாற்றினோம் என்று ஒரு வரி போதும். பெட்டியைச் சரிசெய்து இரண்டு வாரம், பிறகு அறைப் பழக்கம் நாலு வாரம். இதற்குள் குறையவே இல்லை என்றால் அந்த நோட்டோடு மருத்துவரிடம் போய், முதல் சிறுநீர்ப் பரிசோதனை எப்படி இருந்தாலும், வயிற்று அல்ட்ராசவுண்டும் மூட்டு எக்ஸ்ரேயும் கேளுங்கள். 12 வயது தாண்டிய பூனைகளில் பெரும்பாலானவற்றுக்கு மூட்டுத் தேய்மானம் இருக்கும். நொண்டாது, கத்தாது, பெட்டியின் விளிம்பைத் தாண்டக் காலைத் தூக்கும்போது மட்டும் வலிக்கும்.